மகரகமைக்குப் போகும் முன்: மார்த்தாண்டத்துத் தம்பிக்கு ஒரு பதில்

மனைவியின் வேலை காரணமாக மார்த்தாண்டத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஊரில் சபை ஊழியத்தில் பழக்கம் உண்டு, அக்கா. இங்கே மருத்துவமனைகளில் நோயாளிகளைச் சந்திக்கும் ஊழியத்துக்கு முறையாகப் பயிற்சி பெற வேண்டும். எந்தக் கல்லூரியில் சேரலாம்? பி.டி. என்ற இறையியல் பட்டம் கட்டாயமா? சிங்களம் தெரியாமல் சமாளிக்க முடியுமா?”

நானும் நாகர்கோவில்காரிதான். கல்யாணமாகிக் கொழும்புக்கு வந்து தலை நரைத்துவிட்டது. தெரிந்ததைச் சொல்கிறேன், தம்பி.

குருப்பட்டம் வேண்டுமா, நோயாளியின் கட்டிலருகே உட்காரப் பழக வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். குருப்பட்டம் என்றால் வழி நேரானது. கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்தைத் தாண்டினால் பிலிமத்தலாவை. அங்கே இருக்கும் இலங்கை இறையியல் கல்லூரியை அங்கிலிக்கன், மெதடிஸ்ட், பப்டிஸ்ட் முதலிய சபைகள் சேர்ந்து 1963இல் தொடங்கின. பாடங்கள் தமிழிலும் சிங்களத்திலும் நடக்கின்றன. இந்தியாவில் இறையியல் பட்டங்கள் வழங்கும் செராம்பூர் செனட்டோடு இணைந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படிப்பவர்கள் வாங்கும் அதே பட்டம் என்பதால் ஊர் திரும்பினாலும் செல்லும். மனைவியை வெள்ளவத்தையில் விட்டுவிட்டு மலையேறத் தயாரா என்பது உங்கள் வீட்டு விவகாரம், நான் தலையிடவில்லை. கொழும்பை விட்டுப் போக முடியாதென்றால் 1994இல் தொடங்கிய கொழும்பு தியாலஜிக்கல் செமினரி இருக்கிறது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் கற்பிக்கிறார்கள்.

ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தால் நீங்கள் தேடுவது இரண்டாவது போலத்தான் தெரிகிறது. அதை வகுப்பறையில் மட்டும் கற்க முடியாது. 1925இல் அமெரிக்காவின் உஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் அன்டன் பாய்சன் என்ற போதகர் இறையியல் மாணவர்கள் சிலரை நோயாளிகளிடையே வேலை பார்க்க வைத்தார். அவரே முன்பு மனநோயாளியாக மருத்துவமனையில் இருந்தவர். புத்தகங்களைப் படிப்பதுபோல் மனிதர்களையும் ஊன்றிப் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று சி.பி.இ. என்று சொல்லப்படும் மருத்துவமனை மேய்ப்புப் பயிற்சி. அமெரிக்காவில் அதன் ஒரு பகுதியை முடிக்கவே குறைந்தது 400 மணி நேரம் வேண்டும். நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் சாப்ளின் துறைக்கு, அதாவது நோயாளிகளைச் சந்திக்கும் போதகர்களின் துறைக்கு, இதில் நல்ல பெயர் உண்டு. விடுமுறைக்கு ஊர்ப்பக்கம் போகும்போது நேரில் விசாரியுங்கள்.

இந்தப் பயிற்சியின் உயிர் ஓர் எழுத்து வேலையில் இருக்கிறது. நோயாளியைச் சந்தித்து வந்ததும் அவர் சொன்னது, நீங்கள் சொன்னது, இடையில் இருந்த மௌனம் உட்பட நினைவிலிருந்து வரி வரியாக எழுத வேண்டும். பெயரும் அடையாளமும் இருக்கக் கூடாது. பிறகு குழுவும் மேற்பார்வையாளரும் அதைப் பிரித்து மேய்வார்கள். எங்கள் குழுவில் ஒருவர் எழுதி வந்தது இது. மலையகத்திலிருந்து வந்து அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த ஓர் அம்மா, “வீட்டில் மாட்டுக்குப் புல் அறுக்க ஆள் இல்லை” என்கிறார். நம்மவர் உடனே, “கவலைப்படாதீர்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்கிறார். அம்மா, “சரி ஐயா” என்று கண்ணை மூடிக்கொள்கிறார். மேற்பார்வையாளர் அந்த இடத்தில் பென்சிலை வைத்து, “மாட்டைப் பற்றி ஏன் கேட்கவில்லை?” என்றார். மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது, யார் புல் அறுப்பார்கள் என்று கேட்டிருந்தால் வீட்டு நிலைமை, கடன், பயம் எல்லாம் தானாக வந்திருக்கும். பிரசங்கம் செய்து பழகிய வாய்க்கு இது மிகக் கடினம். உங்களுக்கும் கடினமாகத்தான் இருக்கும்.

மகரகமையிலுள்ள அபேக்ஷா புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனால் உங்கள் தமிழுக்கு எவ்வளவு தேவை இருக்கிறதென்று புரியும். வடக்கு, கிழக்கு, மலையகம் என்று எல்லாத் திசைகளிலிருந்தும் புற்றுநோயாளர் வருகிறார்கள். மருத்துவர் சிங்களத்தில் சொன்னது பாதி புரிந்து பாதி புரியாமல் படுத்திருப்பவர்கள் பலர். அவர்களுக்குத் தமிழ் போதும், உங்களுக்குப் போதாது. தாதியை “மிஸ்” என்று அழைத்து, உள்ளே வரலாமா, இவர் இன்று பேசும் நிலையில் இருக்கிறாரா என்று சிங்களத்தில் கேட்கத் தெரிய வேண்டும். எழுதப் படிக்கப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

இன்னொன்று. “பிள்ளைகள் எத்தனை பேர்?” என்று நம் ஊரில் பேச்சைத் தொடங்குவோம். வன்னியிலிருந்து வந்த தாயிடம் எடுத்த எடுப்பில் அதைக் கேட்காதீர்கள். 2009இல் முடிந்த போருக்கு முன் ஒரு கணக்கு, பின் ஒரு கணக்கு இருக்கலாம். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் என்று 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகள் தாக்கிய குடும்பங்களும் இப்படித்தான். அவர்களாகச் சொல்லும்வரை பொறுங்கள்.

சுவிசேஷக் கைப்பிரதியையும் வார்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். 2004இல் மதமாற்றத்தைத் தடுக்கும் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்தது. சட்டமாகவில்லை, சந்தேகம் மட்டும் போகவில்லை. நீங்கள் பார்க்கப் போகும் தமிழர்களில் பெரும்பாலோர் சைவர்கள். கேட்டால் ஜெபியுங்கள், கேட்காவிட்டால் தண்ணீர் எடுத்துக் கொடுங்கள். இது எனக்குச் சட்டத்துக்குப் பயந்த எச்சரிக்கை அல்ல. எழுந்து போக முடியாதவரிடம் நம் சரக்கை விற்பது அழகல்ல என்றே நினைக்கிறேன்.

கல்லூரி விண்ணப்பத்துக்கு முன் சுமித்ராயோவில் தொண்டராகச் சேர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களுக்குக் காது கொடுக்க 1974இல் தொடங்கிய அமைப்பு. அங்கே மதம் பேச இடமில்லை. உங்களுக்கு வேண்டிய பயிற்சியே அதுதான்.

இந்தியாவிலிருந்து வந்த ஊழியர் என்றால் சபைகளில் முதல் வாரமே பிரசங்க மேடை கொடுப்பார்கள். கொஞ்ச காலம் ஏறாமல் இருங்கள். விசா விஷயத்திலும் அது நல்லது. மனைவியின் விசாவில் தங்கியிருப்பவர் சம்பளத்துக்கு ஊழியம் செய்யப் போனால் சிக்கல் வரும். மதகுருமாருக்கான வதிவிட விசா தனி வகை. இந்த ஊழியத்தைச் சம்பள வேலையாகவும் எண்ண வேண்டாம், சபை அனுப்பிப் போகிறவர்களே இங்கு அதிகம். இப்போதைக்கு ஊர் ஆயரிடமிருந்து பரிந்துரைக் கடிதம் ஒன்றை, ஆங்கிலத்தில், சபை முத்திரையோடு வரவழைத்து வையுங்கள்.