பார்வை போன அப்பா தமிழ் நாவல் கேட்க கிண்டில் வாங்கித் தரலாமா?

அவர் ஆங்கிலம் மட்டும் படிப்பவர் என்றால் தாராளமாக வாங்கலாம். ‘அப்பா நாவல் பைத்தியம், ஆங்கிலம் அவ்வளவாக வராது’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வேண்டாம். பணத்தைக் கையில் வையுங்கள்.

அமேசானின் மின்னூல் கருவியான கிண்டிலில் வாய்ஸ்வியூ என்றொரு திரைவாசிப்பான் (திரையில் உள்ளதை வாய்விட்டுச் சொல்லும் மென்பொருள்) உண்டு. இப்போதைய கருவியில் ஸ்பீக்கரும் கிடையாது, இயர்போன் குத்த ஓட்டையும் கிடையாது. புளூடூத் ஹெட்செட்டோ ஸ்பீக்கரோ வேண்டும். ஹெட்செட்டை இணைப்பு நிலையில் வைத்து, கிண்டிலின் பவர் பட்டனை 9 வினாடி அழுத்திப் பிடித்து, பிறகு திரையில் இரண்டு விரலை இடைவெளி விட்டு ஊன்றினால் பேச ஆரம்பிக்கும். சிக்கல் என்னவென்றால், அந்தக் குரலுக்குத் தமிழ் தெரியாது. கிண்டில் கடையில் தமிழ்ப் புத்தகம் விற்கிறதே என்பீர்கள். விற்கிறது, கண் தெரிந்தவர் படிக்கலாம். (கிண்டில்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். தமிழ் கேட்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.) கோபோ என்ற இன்னொரு மின்னூல் கருவியில் திரைவாசிப்பானே இல்லை, அதையும் விடுங்கள்.

வீட்டில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனே போதும். முதலில் குரலைச் சரிசெய்யுங்கள். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, அதற்குள் டெக்ஸ்ட்-டு-ஸ்பீச். அங்கே என்ஜினாக (எழுத்தைக் குரலாக்கும் மென்பொருள்) கூகுள் ஸ்பீச் சர்வீசஸைத் தேர்ந்தெடுங்கள். சில கம்பெனி போன்களில் அவர்களுடைய சொந்த என்ஜின் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் உள்ள பற்சக்கரத்தைத் தொட்டு, தமிழ் குரல் தரவை இறக்கிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் நெட் போனதும் குரல் மாறும், அல்லது வாயடைத்துப் போகும். பிறகு டாக்பேக், அதாவது ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பான். இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்து 3 வினாடி அழுத்தினால் வரும், மறுபடி அழுத்தினால் போகும். முதல் தடவை அக்சஸிபிலிட்டிக்குள் போய் இந்தக் குறுக்குவழியை அனுமதிக்க வேண்டியிருக்கும். வலப்பக்கம் ஒரு விரலால் தள்ளினால் அடுத்தது, இருமுறை தட்டினால் திறக்கும். அவருக்கு முதலில் இந்த இரண்டு போதும்.

கடையில் வாங்கிய தமிழ்ப் புத்தகத்தைப் போனில் உள்ள கிண்டில் செயலியிலேயே டாக்பேக் வாசிக்கும். வாங்கும் முன் புத்தகப் பக்கத்தில் ஸ்கிரீன் ரீடர் ஆதரவு உண்டா என்று பாருங்கள். நகலெடுக்காமல் தடுக்கும் பூட்டு இல்லாத இபப் (மின்னூல் கோப்பு வகை) கோப்புகளுக்கு அட்வாய்ஸ் அலவுட் ரீடர் செயலி நல்லது. விட்ட வாக்கியத்திலிருந்தே தொடரும், ஹெட்செட் பட்டனால் நிறுத்தலாம், தூங்கும் நேரத்துக்கு டைமர் உண்டு, தப்பாக உச்சரிக்கும் சொல்லைத் திருத்தியும் வைக்கலாம். கிண்டிலில் வாங்கிய புத்தகம் அதில் திறக்காது.

இனிமேல்தான் தலைவலி. யாராவது வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் பிடிஎஃப். அதில் இரண்டு ஜாதி. ஒன்று ஸ்கேன் செய்த படம். அதில் வாசிக்க எழுத்தே இல்லை. கூகுள் டிரைவில் ஏற்றி, கணினியில் கூகுள் டாக்ஸாகத் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும், தமிழும் வரும். பெரிய புத்தகத்தைப் பத்துப் பத்துப் பக்கமாக வெட்டி ஏற்றுங்கள். மங்கலான அச்சில் ர, ா குழம்பும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டாவது ஜாதி இதைவிட மோசம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. கண்ணுக்கு ‘தமிழ்’ என்று அழகாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. குரல் ‘ஜே கே பி ஓ செமிகோலன்’ என்று வாசிக்கும். ‘அம்மா’ என்றால் ‘எம் கே செமிகோலன் கே ஹெச்’. போன் கெட்டுவிட்டதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். எழுத்தை நகலெடுத்து, யூனிகோடுக்கு (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) மாற்றித் தரும் ஒரு மாற்றியில் போட்டால் சரியாகும். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010இல். இன்னும் பழைய எழுத்துருவையே கட்டிக்கொண்டு அழும் பதிப்பகங்களை என்ன சொல்ல? கேட்டால் ‘கோப்பு வெளியே போனால் திருடுவார்கள்’ என்பார்கள். ஸ்கேன் செய்து திருடுகிறவன் அவர்களிடம் கோப்பு கேட்டா நிற்கிறான்? 2009இல் கிண்டில் 2 வாய்விட்டு வாசித்தபோது அமெரிக்க எழுத்தாளர் சங்கம் கொடி பிடித்தது. அந்த வசதியைப் புத்தகத்துக்குப் புத்தகம் அணைத்துவைக்கும் உரிமையை அமேசான் பதிப்பாளர்களுக்குக் கொடுத்தது. எந்த ஊரிலும் முதல் அடி பார்வை இல்லாதவர்களுக்குத்தான்.

நல்ல பிடிஎஃப் ஆனாலும் தமிழில் வரி முடிவில் சொல்லைக் கோடு போடாமல் உடைப்பார்கள். குரல் ‘வந்துகொண்டி’ என்று நிறுத்தி, மூச்சு விட்டு, ‘ருந்தான்’ என்னும். நடுவில் பக்க எண் வேறு. ஆகவே இபப் கிடைக்கும் இடத்தில் பிடிஎஃப் எடுக்காதீர்கள். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இபப் இலவசம். மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பில் பழைய இலக்கியம் யூனிகோடில் இருக்கிறது. சுகம்ய புஸ்தகாலயா என்ற, பார்வையற்றோருக்கான இணைய நூலகத்தில் மாற்றுத்திறனாளி சான்றிதழைக் காட்டி அவர் பெயரில் உறுப்பினராகுங்கள். புத்தகத்தை இப்படி மாற்றிக் கேட்பது திருட்டு வேலை என்று யாராவது முணுமுணுத்தால், 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படிக்கச் சொல்லுங்கள். பார்வையற்றவருக்கு ஏற்ற வடிவில் நூலை மாற்ற அதில் இடமிருக்கிறது.

‘ஆடியோ புத்தகம் இருக்கையில் இவ்வளவு கஷ்டம் எதற்கு’ என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு: தமிழில் ஒலிப்புத்தகமாக வந்திருப்பவை கொஞ்சம். அதோடு, கதையில் வரும் ஒரு பெயர் சின்ன ‘ர’வா பெரிய ‘ற’வா என்று ஒலிப்பதிவு சொல்லாது. டாக்பேக்கில் விரலை மேலும் கீழும் தள்ளி வாசிப்பு அளவை ‘எழுத்து’ என்று மாற்றினால் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்கலாம். இதை மட்டும் அவருக்கு மறக்காமல் காட்டிக்கொடுங்கள்.