டிராஃப்டில் கிடக்கும் வீடியோக்கள்: கேள்விகளும் பதில்களும்

மதுரைப் பக்கம் மகளிர் குழுக்களுக்கும் சின்னக் கடைக்காரர்களுக்கும் ஃபோனில் வீடியோ எடுக்கவும் ரீல்ஸ் போடவும் சொல்லிக்கொடுக்கிறேன். “எடுத்து முடித்து, இன்னும் போடாமல் டிராஃப்டில் வைத்திருப்பதைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள்” என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் இவை.

அக்கா, இன்ஸ்டா ரொம்ப ஸ்லோவா இருக்குன்னு ஆப்பை எடுத்துட்டுத் திரும்பப் போட்டேன். பழைய போஸ்ட் எல்லாம் இருக்கு. டிராஃப்ட்ல வச்சிருந்த 14 ரீல்ஸ் மட்டும் காணோம். எங்க போச்சு? (ஊறுகாய் விற்பவர், திண்டுக்கல்)

போய்விட்டது தங்கச்சி. மனசு கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் பொய் நம்பிக்கை தர மாட்டேன். போஸ்ட் போட்டதும் அது இன்ஸ்டாகிராமின் சர்வருக்குப் போய்விடுகிறது. அதனால் எந்த ஃபோனில் லாகின் செய்தாலும் வரும். டிராஃப்ட் அப்படி இல்லை. உங்கள் ஃபோனுக்குள், அந்த ஆப்புக்கென்று இருக்கும் இடத்தில்தான் அது உட்கார்ந்திருக்கும். ஆப்பை எடுத்தால் அந்த இடமும் சேர்ந்து போகும். “சமீபத்தில் நீக்கியவை” பகுதியில் தேடாதீர்கள். வெளியிட்டு அழித்தவைதான் அங்கே 30 நாள் இருக்கும், டிராஃப்ட் அங்கே வராது. மீட்டுத் தருகிறோம் என்று காசு கேட்கும் ஆப்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஒன்று செய்யுங்கள். ஃபோன் கேமராவில் எடுத்து, பிறகு இன்ஸ்டாவில் சேர்த்த துண்டுகள் கேலரியில் அப்படியே இருக்கும். அவற்றை வைத்துத் திரும்ப வெட்டி ஒட்டலாம். ஆப்புக்குள் இருக்கும் கேமராவில் எடுத்தவைதான் பெரும்பாலும் கிடைக்காது.

எனக்கும் இது நடந்திருக்கிறது. 2021-ல் ஃபோன் டிஸ்ப்ளே உடைந்து ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். “ரீசெட் பண்ணலாமா?” என்று கேட்டார்கள், யோசிக்காமல் சரி என்றேன். அப்பத்தா அம்மியில் ரசப்பொடி அரைத்துக்கொண்டே பேசிய ஒன்பது வீடியோ டிராஃப்டில் இருந்தது. எல்லாம் ஆப் கேமராவில் எடுத்தது. திரும்பப் போய் எடுத்தேன். பொடியின் அளவு அச்சுப் பிசகாமல் சொன்னார். ஆனால் கல்யாணமான புதிதில் மாமியாருக்குத் தெரியாமல் பெருங்காயத்தை முந்தானையில் முடிந்து வைத்த கதையை முதல் தடவை சொன்ன மாதிரி அவருக்குச் சொல்ல வரவில்லை. அன்றிலிருந்து நான் ஆப்புக்குள் கேமராவைத் திறப்பதே இல்லை. என்னிடம் படிக்க வருகிறவர்களுக்கும் முதல் பாடம் அதுதான்.

ஃபோன் மெமரி ஃபுல். இன்ஸ்டாவே 4 ஜிபி காட்டுது. க்ளியர் பண்ணலாமா மேடம்? (கோவை)

ஆண்ட்ராய்டில் அந்த ஆப்பின் ஸ்டோரேஜ் பக்கம் போனால் இரண்டு பட்டன் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். “க்ளியர் கேஷ்” அழுத்தலாம், டிராஃப்ட் போகாது. “க்ளியர் டேட்டா” (சில ஃபோனில் “க்ளியர் ஸ்டோரேஜ்”) அழுத்தினால் ஆப் புதிதாகப் போட்டது போல ஆகிவிடும், டிராஃப்ட் அத்தனையும் காலி. அவசரத்தில் விரல் மாறினால் திரும்ப வழியில்லை. ஐஃபோனில் “ஆஃப்லோட் ஆப்” என்றால் ஆப் மட்டும் போகும், அதன் தரவு ஃபோனில் இருக்கும். “டெலிட் ஆப்” என்றால் இரண்டும் போகும். எதைத் தொடுவதாக இருந்தாலும் டிராஃப்டை முதலில் கேலரிக்கு இறக்கிவிடுங்கள்.

அக்கா, புது ஃபோன் வாங்கிட்டன். பழைய ஃபோன்ல இருக்கிற டிக்டொக் டிராஃப்ட் எல்லாம் இதுக்கு வருமே? (யாழ்ப்பாணம்)

வராது தங்கச்சி. டிக்டாக்கிலும் டிராஃப்ட் அந்த ஃபோனோடு சரி. பழைய ஃபோனை விற்கவோ தம்பிக்குக் கொடுக்கவோ முன்னால் ஒவ்வொன்றையும் திறந்து, யார் பார்க்கலாம் என்ற இடத்தில் “ஒன்லி மீ” வைத்துப் போஸ்ட் பண்ணுங்கள். வேறு யார் கண்ணுக்கும் படாது, ஆனால் உங்கள் கணக்குக்குள் போய்விடும், புது ஃபோனிலும் தெரியும். ஒரு குறை, போஸ்ட் ஆன பிறகு டிராஃப்டைப் போல உள்ளே போய் வெட்டவோ பாட்டு மாற்றவோ முடியாது. அந்த வேலை மிச்சமிருந்தால் பழைய ஃபோனிலேயே முடித்துவிட்டு ஏற்றுங்கள்.

இந்தியாவில் 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்தபோது என்னிடம் படித்த பெண்கள் பலர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அதனால்தான் எந்த ஆப்பாக இருந்தாலும் கேலரியில் ஒரு பிரதி என்று இவ்வளவு கத்துகிறேன்.

ஸ்டோரி டிராஃப்ட் தானாவே அழியுமா? (சேலம்)

ஆமாம். இன்ஸ்டாவில் ஸ்டோரி டிராஃப்ட் 7 நாள்தான் இருக்கும். ரீல்ஸ் டிராஃப்டுக்கு அந்தக் கெடு இல்லை.

நானும் மச்சினனும் ஒரே ஐடியை ரெண்டு ஃபோன்ல வச்சிருக்கோம். நான் டிராஃப்ட்ல போட்டது அவனுக்குக் காட்டலையே? (பனியன் கடை, திருப்பூர்)

ஐடி ஒன்றாக இருந்தாலும் ஃபோன் இரண்டாயிற்றே அண்ணா. அவருக்கு எப்படியும் தெரியாது. உங்கள் மாதிரி இரண்டு பேர் பார்க்கும் வியாபாரத்துக்கு மெட்டா பிசினஸ் சூட் (இன்ஸ்டாவை நடத்தும் மெட்டா கம்பெனி வியாபாரப் பக்கங்களுக்காக வைத்திருக்கும் ஆப்) சரியாக இருக்கும். அதில் வைக்கும் டிராஃப்ட், பக்கத்தை நிர்வகிக்க அனுமதி உள்ளவருக்கும் தெரியும். நீங்கள் படத்தைப் போட்டு வைத்தால் அவர் விலையைச் சரிபார்த்து வெளியிடலாம். தீபாவளி நேரத்தில் இது பெரிய நிம்மதி. தேதி முடிவாகிவிட்டால் டிராஃப்டில் வைக்காமல், அந்தத் தேதியில் தானாக வெளியாகும்படி ஷெட்யூல் செய்துவிடுங்கள். இன்ஸ்டாவில் புரொஃபஷனல் கணக்கென்றால் 75 நாள் வரை முன்கூட்டியே செய்யலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய டிராஃப்டில் பழைய விலை எழுதியிருக்கும். பார்க்காமல் போட்டுவிட்டால் அந்த விலைக்கே கேட்டு வருவார்கள்.

அறுபது டிராஃப்ட் சேர்ந்துடுச்சு. எது எதுன்னே தெரியல அக்கா. (தையல் வகுப்பு நடத்துபவர், தேனி)

ரீல்ஸ் டிராஃப்டுக்கு இப்போது பெயர் மாற்றும் வசதி உண்டு, ஆனால் வைக்காமல் விட்டால் குட்டிப் படத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாவற்றிலும் அதே மெஷின், அதே துணி என்றால் குழப்பம்தான். எங்கள் குழுவில் ஒரு சிலேட்டு வைத்திருக்கிறோம். படம் பிடிக்கத் தொடங்கும்போது சாக்பீஸால் “பஃப் கை, 2-ம் பாகம், 12/8” என்று எழுதி இரண்டு வினாடி கேமரா முன்னால் காட்டுவோம். டிராஃப்டில் அந்தச் சிலேட்டுதான் முகப்பாகத் தெரியும். வெளியிடும்போது அந்த இரண்டு வினாடியை வெட்டிவிட்டால் போதும்.

இப்போது இருக்கும் அறுபதையும் ஒரு மதியம் உட்கார்ந்து பாருங்கள். இன்றைக்குப் பார்த்தாலும் போடத் தோன்றுகிறதா? தோன்றினால் கேலரிக்கு இறக்குங்கள், இல்லையென்றால் அழித்துவிடுங்கள். பத்துக்கு மேல் டிராஃப்ட் வைப்பதை நான் விரும்புவதில்லை. டிராஃப்ட் என்பது நாளைக்குப் போட வேண்டியது இருக்கும் இடம், பரண் இல்லை.

இறக்கினா பாட்டு வர மாட்டேங்குதே? (அவரே)

இன்ஸ்டா நூலகத்திலிருந்து எடுத்த பாட்டுக்கு உரிமை உண்டு, அதனால் இறக்கும் பிரதியில் பாட்டு வராது, அதோடு உங்கள் குரலும் சேர்ந்து போய்விடலாம். நீங்கள் பேசிய குரல் முக்கியம் என்றால் பாட்டுச் சேர்ப்பதற்கு முன்னாலேயே ஒரு பிரதி இறக்கிக்கொள்ளுங்கள். பாட்டை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம், குரலைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இன்ஷாட்ல பாதி வேலை பார்த்து வச்சிருந்தேன். இப்பத் திறந்தா கிளிப் காணோம்னு வருது. (விருதுநகர்)

கேலரியைச் சுத்தம் செய்தீர்களா தம்பி? இந்த மாதிரி எடிட்டிங் ஆப்கள் உங்கள் வீடியோவைத் தனியாக நகலெடுத்து வைப்பதில்லை. எங்கே வெட்டினீர்கள், எதை ஒட்டினீர்கள் என்ற குறிப்புதான் டிராஃப்ட். மூல வீடியோ கேலரியில் இல்லையென்றால் குறிப்பு மட்டும் மிஞ்சும். கேலரியின் குப்பைத்தொட்டியை உடனே பாருங்கள், அங்கே இருந்தால் மீட்டுவிடலாம். வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பியிருந்தால் அதையும் கேளுங்கள், தரம் குறைந்திருக்கும், பரவாயில்லை. இனி அனுப்பும்போது “டாக்குமென்ட்” ஆக அனுப்புங்கள், தரம் குறையாது.

எக்ஸ் தளத்துல ஃபோன்ல எழுதி வச்ச கவிதைங்க கம்ப்யூட்டர்ல தெரியலீங்க. (ஈரோடு)

எக்ஸில் ஆப் டிராஃப்ட் வேறு, கம்ப்யூட்டரில் எழுதிவைக்கும் டிராஃப்ட் வேறு. ஒன்று மற்றொன்றில் தெரியாது. எழுத்தைக் கூகுள் கீப் என்ற குறிப்பெழுதும் ஆப்பில் எழுதி, போடும் நேரத்தில் மட்டும் எக்ஸில் ஒட்டுங்கள். கவிதை எழுதுகிறவர் இதை இன்றைக்கே செய்ய வேண்டும்.

யூடியூப்லயும் இப்படித்தானா? (நெல்லை)

கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றிப் பாதியில் விட்டது யூடியூப் ஸ்டுடியோவில் டிராஃப்டாக இருக்கும், எங்கிருந்தும் திறக்கலாம். ஃபோனில் செய்யும் ஷார்ட்ஸ் டிராஃப்ட் அந்த ஃபோனோடு சரி.

அப்பா தவறி மூணு மாசம் ஆகுது. தோட்டத்தைப் பத்தி ரீல்ஸ் போடுவார். அவர் ஃபோன்ல இன்னும் போடாத டிராஃப்ட் நிறைய இருக்கு. தொடவே பயமா இருக்கு அக்கா. (தஞ்சாவூர்)

பயப்படாதே தங்கச்சி, நிதானமாகச் செய்யலாம். அந்த ஃபோனில் லாக்அவுட் செய்யாதே, ஆப்பை எடுக்காதே, யார் சொன்னாலும் ரீசெட் வேண்டாம். அப்பாவின் சிம்முக்கு ரீசார்ஜ் நின்றுவிடாமல் பார்த்துக்கொள், திடீரென்று ஓடிபி கேட்டால் அந்த நம்பருக்குத்தான் வரும். முதலில் கேலரியை முழுதாக வேறு இடத்துக்கு நகலெடு. கூகுள் டிரைவில் 15 ஜிபி இலவசம், ஒரு பென்டிரைவிலும் போட்டு வை.

பிறகு புரொஃபைலில் ரீல்ஸ் பக்கம் போய், டிராஃப்ட்ஸைத் திற. ஒவ்வொன்றாக உள்ளே போய், கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தி இறக்கு. “ஷேர்” பக்கம் விரல் போக வேண்டாம். வெளியே வரும்போது கேட்டால் டிராஃப்டாகவே சேமி, “டிஸ்கார்ட்” அழுத்திவிடாதே. பாட்டு சேர்த்திருந்து அப்பா குரல் இறங்கவில்லை என்றால், டிராஃப்டை ஓடவிட்டு ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடு. அதற்கு முன் ரெக்கார்டிங் அமைப்பில் ஃபோனின் உள் ஒலியும் பதிவாகும்படி வைத்திருக்கிறாயா என்று பார். முதலில் ஒரே ஒரு டிராஃப்டில் செய்து, குரல் கேட்கிறதா என்று போட்டுப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடு. தனியாகச் செய்ய முடியவில்லை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல், வீடியோ காலில் கூடவே இருந்து ஒவ்வொன்றாகச் சொல்லித் தருகிறேன்.