வாசகர் கேள்வி – பதில்: தெரு ரோட்டுக்கு யார் காசு கொடுப்பது?

அண்ணா, வணக்கம். கும்பகோணம் பக்கத்தில் வயலைப் பிளாட் போட்டு விற்ற நகர் எங்களுடையது. 40 மனை, வீடு கட்டியிருப்பது 24. மழைக்காலத்தில் ஸ்கூல் வேன் உள்ளே வருவதில்லை. சிமெண்ட் ரோடு போட 8 லட்சம் ஆகும் என்கிறார் காண்ட்ராக்டர். பஞ்சாயத்தில் கேட்டால் 'அது எங்க ரோடே இல்லை' என்கிறார்கள். மூலை வீட்டுக்காரர், என் வாசல் மெயின் ரோட்டில், நான் ஏன் தரணும் என்கிறார். காலி மனைக்காரர்கள் போனே எடுப்பதில்லை. பணத்தை எப்படிப் பிரிப்பது?

பணத்தைப் பிரிப்பதற்கு முன்னால் அந்த ரோடு இன்று யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் சண்டையில் பாதி அங்கேயே முடிந்துவிடலாம். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் வாங்கிய மனைப்பிரிவு என்றால் ரோட்டையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பத்திரம் இருந்தால் 'எங்க ரோடே இல்லை' என்ற பேச்சுக்கே இடமில்லை, நகலை மனுவோடு வைத்துக் கொடுங்கள். அப்ரூவல் இல்லாத மனை என்றால், 2016 அக்டோபர் வரை விற்றவற்றை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன, உங்களில் பலர் அப்போது பணம் கட்டியிருப்பீர்கள். வளர்ச்சிக் கட்டணம் கட்டிய ரசீது பீரோவில் கிடந்தால் அதையும் எடுங்கள், வளர்ச்சிக்கு என்று வாங்கியவர்களிடம் ரோடு எங்கே என்று கேட்கலாம் இல்லையா?

ரோடு இன்னும் மனை போட்டவர் பேரிலேயே இருந்தால் அவரையோ வாரிசுகளையோ பிடித்துப் பஞ்சாயத்துக்கு எழுதி வைக்கச் சொல்லுங்கள். அலைச்சல்தான், ஆனால் இதை விட்டுவிட்டு 8 லட்சத்தைக் கொட்டினால் பத்து வருஷம் கழித்து ரோடு பெயர்ந்து நிற்கும்போது மறுபடியும் நீங்களேதான் கொட்ட வேண்டும். பஞ்சாயத்து பேருக்கு வந்துவிட்டால் நமக்கு நாமே திட்டத்தில் கேட்கலாம், அதில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று, மீதி அரசு. கிராம சபையில் தீர்மானமாக எழுத வையுங்கள், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் கூடுகிற நாள்தானே, நான்கு பேர் போகாமல் தெருவே போய் உட்காருங்கள்.

எதுவும் நடக்காது, நாமேதான் போட வேண்டும் என்றால், மனைக் கணக்கில் பிரியுங்கள், வீட்டுக் கணக்கில் வேண்டாம். 24 வீடு என்றால் தலைக்கு 33,000-க்கு மேல், 40 மனை என்றால் 20,000. காலி மனைக்காரர் 'நான்தான் அங்கே இல்லையே' என்பார். ஆனால் ரோடு வந்ததும் அவர் மனைக்கு விலை ஏறுகிறது, அப்புறம் அவர் வீடு கட்டும்போது ஜல்லி லாரியும் எம்-சாண்ட் லாரியும் நீங்கள் காசு போட்ட ரோட்டில்தான் வரப்போகின்றன. அதனால் அவருக்கு முழுப் பங்கு என்பதுதான் நியாயம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட்டை அனுப்பி ஆறு மாதத் தவணை கொடுங்கள், பாதிப் பேர் தந்துவிடுவார்கள். தராதவர் பங்கைக் குடியிருப்போர் சங்கத் தீர்மானத்தில் பாக்கி என்று எழுதி வையுங்கள்.

மூலை வீட்டுக்காரர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ரோட்டுச் செலவில் அவருக்குப் பாதிப் பங்கு போதும், ஆனால் வடிகாலுக்கு முழுப் பங்கு, அவர் வீட்டுத் தண்ணீரும் அதில்தானே போகிறது. தெருவில் யாராவது டிராக்டர், அறுவடை மெஷின் வைத்திருந்தால் பராமரிப்பில் அவர் கூடுதலாகத் தர வேண்டும், டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடுகிற வண்டியைப் புது ரோட்டில் ஓட்டாமல் டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். இதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

சிமெண்ட், தார், பேவர் பிளாக், எது நல்லது? தெருவில் மூன்று கட்சியாக நிற்கிறோம். – மன்னார்குடி வாசகி

மூன்றுமே வீண்தான் அம்மா, தண்ணீர் போக வழி இல்லாவிட்டால். நம் பக்கம் மனை போட்ட இடமெல்லாம் நஞ்சை, களிமண், நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். மேலே என்ன போட்டாலும் அடியில் மண் ஆடிக்கொண்டே இருக்கும். பழைய வாய்க்காலை மண் போட்டுத் தூர்த்துத்தான் பல நகரில் தெருவே வந்திருக்கிறது, ஐப்பசி மழையில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வந்து நிற்கிறது, அதைப் போய்க் குற்றம் சொல்ல முடியுமா? முதலில் அந்த வாய்க்கால் எங்கே போனது என்று வருவாய்த்துறை வரைபடத்தில் பாருங்கள், இருக்கிற காசில் முதல் செலவு வடிகாலுக்கு.

அப்புறம் கிராவலும் ஜல்லியும் போட்டு ரோலர் ஓட்டி அடித்தளம். குழாய்க்காக அடிக்கடி தோண்டுகிற தெரு என்றால் என் ஓட்டு பேவர் பிளாக்குக்கு, கழற்றி மறுபடி பதிக்கலாம். கனம் 80 மில்லிமீட்டர் கேளுங்கள், 60 என்பது லேசான போக்குவரத்துக்குத்தான். சிமெண்ட் என்றால் நடுவில் மேடாகவும் ஓரம் சரிவாகவும் இருக்கட்டும், போட்டபின் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தட்டும், கான்கிரீட் முழு வலு பிடிக்க 28 நாள். பழைய ரோட்டின் மேலேயே ஏற்றிப் போட விடாதீர்கள், தெரு உயர்ந்து மழைத் தண்ணீர் உங்கள் வாசற்படிக்கு உள்ளே வரும். சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டிருக்கிறார்.

வேலையை மாசி, பங்குனியில் வையுங்கள். மேட்டூர் வழக்கமாக ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பது, இடையில் வாய்க்கால் காய்ந்திருக்கும், மட்டம் பார்ப்பதும் சுலபம்.

ஒரே ஒரு வீட்டுக்காரர் காசு தரவில்லை. அவர் வாசல் முன்னால் மட்டும் விட்டுவிட்டு ரோடு போடலாம், அவர் காரை மறிக்கச் சங்கிலி கட்டலாம் என்கிறார்கள். – திருவாரூர் வாசகர்

இரண்டும் கூடாது. வரைபடத்தில் ரோடு என்று காட்டி விற்ற இடத்தில் மனை வாங்கிய எல்லோருக்கும் போகவர உரிமை உண்டு, சங்கிலி கட்டினால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். அவர் வாசலில் பத்தடி விட்டால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி இரண்டு பக்கமும் ரோடு அரித்துக்கொண்டு போகும், ஆம்புலன்ஸ் வந்தாலும் அதில்தான் இறங்கி ஏற வேண்டும். ரோட்டை முழுதாகப் போடுங்கள்.

நீங்கள் சங்கத்தைப் பதிவு செய்திருக்கிறீர்களா? 1975-ம் வருஷச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் போதும். சங்கத்தின் பேரில் வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, பில் ஒவ்வொன்றும் எல்லோர் பார்வைக்கும் என்று இருந்தால் நிறையப் பேர் தயக்கம் இல்லாமல் தருவார்கள். தனி ஆள் ஒருவர் கையில் நோட்டுக் கட்டாக வாங்கி வைத்திருந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தராதவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காசு தராத அந்த வீட்டுக்காரரிடம் எஸ்டிமேட்டையும் கணக்கையும் காட்டி, மாதம் ஆயிரம் வீதம் தருகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.