அப்பாவின் வெள்ளைக்காரன் காலத்து வேலை, அம்மாவின் பென்சன்

கேள்வி: என் அப்பா 1950-இல் மலாயன் இரயில்வேயில் கிராணியாக (எழுத்தராக) சேர்ந்து, 1982-இல் 55 வயதில் ஓய்வு பெற்றார். 1996-இல் தவறிவிட்டார். 90 வயதாகும் அம்மாவுக்கு விதவை பென்சன் வருகிறது. 32 வருஷ சேவையில் 25 வருஷம்தான் கணக்கில் வந்திருக்கிறது என்றும், மீதி ஏழு வருஷம் மெர்டேக்காவுக்கு (1957 சுதந்திரத்துக்கு) முந்தியது, அதற்கு பிரிட்டிஷ் அரசாங்கம் பென்சன் தரவேண்டும் என்றும் ஒருவர் சொல்கிறார். எடுத்துத் தர 3,000 ரிங்கிட் கேட்கிறார். கொடுக்கலாமா? 2023 நீதிமன்றத் தீர்ப்பால் அம்மாவுக்கு ஏதாவது வருமா? அம்மாவுக்குப் பிறகு, கல்யாணம் செய்யாமல் அவரைப் பார்த்துக்கொள்ளும் 56 வயதுத் தங்கைக்கு அந்தப் பென்சன் கிடைக்குமா? கிடைக்கும் என்கிறார்கள் தமிழ்நாட்டு உறவினர்கள். (ஈப்போ வாசகர்)

பதில்: அந்த ஆளுக்கு ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். அம்மாவின் ஐசி (அடையாள அட்டை) நகலும் வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் வங்கியில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது, அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. தன் பழைய காலனிகளில் வேலை பார்த்த அதிகாரிகளின் பென்சன் சுமையை பிரிட்டன் 1970களில் ஏற்றுக்கொண்டது. அதற்காக 1973-இல் லண்டனில் ஒரு சட்டமே இயற்றினார்கள். ஆனால் அது அங்கிருந்து நியமனம் பெற்று இங்கே வந்த வெளிநாட்டு அதிகாரிகளுக்கு. வெளிநாட்டு அதிகாரிகளின் இடத்தில் உள்ளூர்க்காரர்களை வைக்கும் மலாயாமயமாக்கம் நடந்தபோது இழப்பீடு வாங்கிக்கொண்டு கப்பலேறியவர்கள் அந்த வகை. இங்கேயே எடுக்கப்பட்ட கிராணிகளும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் சுதந்திர மலாயாவின் பொறுப்பாகிவிட்டார்கள்.

சரி, அந்த ஏழு வருஷம் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. 1980ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தில் ஒவ்வொரு மாதச் சேவைக்கும் கடைசிச் சம்பளத்தில் 600-இல் ஒரு பங்கு என்று கணக்கு. அப்பா ஓய்வு பெற்ற காலத்தில் அதன் உச்சவரம்பு பாதிச் சம்பளம். 300 மாதத்தில், அதாவது 25 வருஷத்தில், அந்த வரம்பு வந்துவிடும். அப்பாவுக்கு 384 மாதம். 1950-இல் சேர்ந்திருந்தாலும் 1957-இல் சேர்ந்திருந்தாலும் மாதப் பென்சன் அதே பாதிச் சம்பளம்தான். வரம்பில் மோதி நின்றதை அந்த ஆள் பிரிட்டிஷ் கடனாக மாற்றிக் கதை கட்டுகிறார்.

மெர்டேக்காவுக்கு முன்பே சேர்ந்ததால் அப்பாவுக்கு உண்மையிலேயே கிடைத்த பலன் வேறு இடத்தில் இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 147ஆவது விதியைப் பாருங்கள். அரசு ஊழியருக்கோ அவருடைய மனைவி மக்களுக்கோ தரப்படும் பென்சனுக்கு, குறிப்பிட்ட ஒரு நாளில் நடப்பிலிருந்த சட்டம் பொருந்தும். இல்லையென்றால், அதைவிடப் பாதகமில்லாத பிந்தைய சட்டம் பொருந்தும். மெர்டேக்காவுக்கு முன் சேர்ந்து, பின்னர் பென்சன் பெற்றவர்களுக்கு அந்த நாள் 30 ஆகஸ்ட் 1957. பிரிட்டிஷ் ஆட்சியின் கடைசி நாள். மறுநாள் வரப்போகும் அரசாங்கம் தங்கள் பென்சனில் கை வைத்துவிடுமோ என்று அன்றைய ஊழியர்களுக்கு இருந்த பயத்துக்கு எழுதிவைத்த பதில் இது.

இதில் ஒரு முரண் உண்டு. கடந்தகாலச் சேவைக்காகப் பென்சனைக் கேட்க எந்த ஊழியருக்கும் முழு உரிமை இல்லை என்று அதே 1980 சட்டத்தின் 3ஆவது பிரிவு சொல்கிறது. காலனி அரசாங்கங்களின் பென்சன் சட்டங்களில் வழக்கமாக இருந்த வாசகம் இது. இலங்கையில் இன்றும் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பில் படிக்கலாம். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1971-இலேயே பென்சன் சலுகையல்ல, உரிமை என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. ஒழுங்கு நடவடிக்கையில் வேலை போனவர் 3ஆவது பிரிவில் மாட்டிக்கொள்வார். முறையாக ஓய்வு பெற்றவரின் பென்சனை, சட்டத்தைத் திருத்திக் குறைக்கப் பார்த்தால் 147 குறுக்கே நிற்கும்.

2023 தீர்ப்பு இந்த 147-ஐ வைத்து வந்ததுதான். 2013க்கு முன்பு, பணியிலிருக்கும் ஊழியரின் சம்பளம் திருத்தப்பட்டால் அதே கிரேடில் ஓய்வு பெற்றவரின் பென்சனும் திருத்தப்படும். 2013 திருத்தம் அதை எடுத்துவிட்டு, வருஷத்துக்கு 2 விழுக்காடு உயர்வு என்று வைத்தது. அமீனா அகமது என்ற ஓய்வுபெற்ற வெளியுறவு அமைச்சு அதிகாரியும் வேறு சில ஓய்வூதியர்களும் வழக்குப் போட்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 ஜனவரியில் அந்தத் திருத்தம் செல்லாது என்றது. கூட்டரசு நீதிமன்றம் 27 ஜூன் 2023 அன்று அதை உறுதிசெய்தது. 147ஆவது விதி விதவைகளையும் வெளிப்படையாகவே சேர்க்கிறது. ஆகவே அம்மாவும் இதற்குள் வருகிறார், தனி வழக்கு தேவையில்லை.

ஆனால் பெரிய நிலுவையை எதிர்பார்க்காதீர்கள். தீர்ப்பு கொடுத்தது ஒரு தொகையை அல்ல, ஒரு முறையை. சம்பளத் திருத்தம் வந்தால்தான் அந்த முறைக்கு வேலை. 2024 டிசம்பரில் புதிய அரசாங்கச் சம்பள முறை தொடங்கியது. அதனால் அப்பாவின் பழைய கிரேடுக்கு இன்றைய இணை எது, அதற்கேற்ப என்ன திருத்தம் செய்யப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். இரயில்வே 1992-இல் நிறுவனமயமாகி அந்தப் பழைய பதவிகளே இல்லாமல் போனதால், இந்த இணை வைப்பதில்தான் தவறு நடக்க வாய்ப்பு அதிகம்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஓய்வு பெற்ற தேதியிலிருந்து பன்னிரண்டரை வருஷம் முடிந்துவிட்டால் விதவைக்கு 70 விழுக்காடுதான் என்று முன்பு ஒரு விதி இருந்தது. அப்பா 1982-இல் ஓய்வு பெற்று 1996-இல் இறந்திருக்கிறார். எனவே அம்மாவுக்குத் தொடக்கமே 70 விழுக்காடாக இருந்திருக்கும். 1 ஜனவரி 2009 முதல் அந்த 30 விழுக்காட்டு வெட்டை நீக்கிவிட்டார்கள். பழைய வங்கிப் புத்தகம் இருந்தால் 2008 டிசம்பர் வரவையும் 2009-இன் முதல் சில மாத வரவுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தொகை ஏறவில்லை என்றால் காரணம் கேட்டு எழுதுங்கள். 2015 நவம்பர் முதல் பென்சன் கொடுப்பதைக் கவனிப்பது குவாப் (KWAP) என்ற அரசாங்க ஓய்வூதிய நிதி அமைப்பு. கடிதத்தில் அப்பாவின் பென்சன் கோப்பு எண், சேர்ந்த தேதி, ஓய்வுத் தேதி மூன்றும் இருக்கட்டும். சேவைப் புத்தகத்தின் நகல் இருந்தால் இணையுங்கள். அம்மாவின் ஒப்பம் வேண்டும். கைநாட்டு என்றால் சாட்சியோடு. கட்டணம் எதுவும் கிடையாது.

அப்புறம் தங்கை விஷயம். கிடைக்காது. இங்கே பிள்ளைகளுக்கான பென்சன் 21 வயது வரை, அல்லது முதல் பட்டப்படிப்பு முடியும் வரை. சம்பாதிக்க முடியாத அளவு நிரந்தர உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உள்ள பிள்ளைக்கு மட்டும் வயது வரம்பு இல்லை. உறவினர்கள் சொல்வது அவர்கள் ஊர்ச் சட்டம். இந்திய மத்திய அரசின் குடும்ப ஓய்வூதியத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டு, மணமாகாத மகளுக்கு வயது வரம்பில்லாமல் கிடைக்கும். அதை இங்கே கொண்டுவந்து வாதாட முடியாது. அம்மாவுக்குப் பிறகும் கணக்கில் பென்சன் ஏறினால் அதைத் திருப்பித் தரவேண்டியிருக்கும், உடனே தெரிவித்துவிடுங்கள்.

பென்சன் சொத்தல்ல, உயிலில் எழுத முடியாது. ஆனால் அதிலிருந்து அம்மா சேர்த்த பணமும், அவர் பெயரில் வீடு இருந்தால் அதுவும் சொத்து. உயில் இல்லாவிட்டால், முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டப்படி பிள்ளைகள் எல்லாருக்கும் சமபங்கு. தங்கைக்குக் கூடுதலாகத் தரவேண்டும் என்று அம்மா நினைத்தால் இப்போதே உயில் எழுதட்டும். 90 வயது என்பதால், தெளிவான மனநிலையில் இருக்கிறார் என்று அதே நாளில் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். சாட்சிகள் இருவர் வேண்டும். தங்கை சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது. போட்டால் அவருக்கு எழுதிய பங்கே செல்லாமல் போகும்.