ஐந்து ஸ்பீக்கர் இருந்தும் இரண்டில்தான் சத்தமா? ஹோம் தியேட்டர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றின் சாரம் ஒன்றுதான்: ரிசீவர் (ஒலியை வாங்கிப் பிரித்து ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும் பெட்டி) நல்லது, ஸ்பீக்கர்கள் நல்லவை, கேபிளும் போட்டாயிற்று, ஆனால் கடையில் கேட்ட ஒலி வீட்டில் இல்லை. பதில்களுக்குப் போகும் முன் ஒரு வேண்டுகோள். படம் ஓடும்போது ரிசீவரின் முகப்புத் திரையைப் பாருங்கள், இல்லையென்றால் ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்துங்கள். உள்ளே வரும் ஒலி பிசிஎம்மா, டால்பி டிஜிட்டலா, டிஜிட்டல் பிளஸ்ஸா, அட்மாஸா, டிடிஎஸ்ஸா என்று அங்கே காட்டும். இவையெல்லாம் ஒலி அனுப்பப்படும் வடிவங்கள். பிசிஎம் சுருக்காத ஒலி, அட்மாஸ் தலைக்கு மேலிருந்தும் வருவதுபோல் கேட்கும் ஒலி. புதிதாக எதையாவது வாங்கக் கிளம்பும் முன் அந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள். கோளாறு ரிசீவருக்கு முன்னாலா, பின்னாலா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

செட்டாப் பாக்ஸை ரிசீவரில் செருகி, ரிசீவரிலிருந்து டிவிக்கு ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிள் போட்டிருக்கிறேன். சேனல்களின் சத்தம் ஸ்பீக்கரில் வருகிறது. டிவிக்குள் இருக்கும் யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் சத்தம் மட்டும் வரவில்லை. கேபிள் கோளாறா? (கோயம்புத்தூர் வாசகர்)

கேபிளாக இருக்க வாய்ப்பு குறைவு. சேனலின் படமும் ஒலியும் பாக்ஸிலிருந்து ரிசீவர் வழியாக டிவிக்குப் போகின்றன. டிவிக்குள்ளேயே ஓடும் ஆப்களின் ஒலியோ அதே கேபிளில் எதிர்த்திசையில் ரிசீவருக்குத் திரும்ப வேண்டும். இந்த வசதிதான் ஏஆர்சி (ஆடியோ ரிட்டர்ன் சேனல்). 2009இல் ஹெச்டிஎம்ஐ 1.4 வந்தபோது கூடவே வந்தது.

டிவியின் எல்லா ஹெச்டிஎம்ஐ போர்ட்டிலும் இது இருக்காது, பெரும்பாலும் ஒன்றில் மட்டும்தான். பக்கத்திலேயே ஏஆர்சி அல்லது இஏஆர்சி (அதன் மேம்பட்ட வடிவம்) என்று அச்சிட்டிருக்கும். கேபிளின் மறுமுனை ரிசீவரின் அவுட்புட்டில் இருக்க வேண்டும். இரண்டு அவுட்புட் உள்ள ரிசீவர் என்றால், ஏஆர்சி என்று எழுதியிருப்பதில்.

அடுத்தது சிஇசி. சாதனங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இந்த வசதி ஆஃப் ஆகியிருந்தால் ஏஆர்சி பொதுவாக எழுந்திருக்காது. மெனுவில் பலர் இதைத் தவறவிடக் காரணம், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருப்பதுதான்: சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க், பிலிப்ஸில் ஈஸிலிங்க். டிவியில் ஆன் செய்தால் போதாது, ரிசீவர் மெனுவிலும் சிஇசி, ஏஆர்சி இரண்டையும் ஆன் செய்யுங்கள். பிறகு டிவியின் ஒலி மெனுவில் வெளி ரிசீவரைத் தேர்ந்தெடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சத்தம் இல்லையா? ரிமோட்டில் அணைத்தால் போதாது. இரண்டின் பிளக்கையும் பிடுங்கி, சில நிமிடம் விட்டு, முதலில் டிவியையும் அப்புறம் ரிசீவரையும் போடுங்கள். பல வீடுகளில் இதிலேயே சரியாகிவிடுகிறது.

ஏஆர்சியில் சத்தம் வருகிறது, ஆனால் பின் ஸ்பீக்கர்கள் ஊமையாக இருக்கின்றன. இஏஆர்சி உள்ள டிவி வாங்கினால்தான் அட்மாஸ் வரும் என்கிறார் கடைக்காரர். என் டிவி வாங்கி மூன்று வருடம்தான் ஆகிறது. (திருச்சி வாசகர்)

டிவியை மாற்றாதீர்கள். உங்கள் ரிசீவர் திரையில் பிசிஎம் என்று காட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். சாதாரண ஏஆர்சியில் பிசிஎம் என்றால் இரண்டே சேனல்தான். டிவியின் ஒலி மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் என்ற இடத்துக்குப் போய் பிசிஎம்மை எடுத்துவிட்டு, ஆட்டோ, பிட்ஸ்ட்ரீம், பாஸ்த்ரூ என்று எது இருக்கிறதோ அதை வையுங்கள். ஒலியை டிவி பிரிக்காமல் ரிசீவருக்கே அனுப்பச் சொல்லும் அமைப்புகள் இவை. ரிசீவரில் எழுத்து மாறும், பின் ஸ்பீக்கர்களுக்கும் உயிர் வரும்.

அட்மாஸ் விஷயத்தில் கடைக்காரர் சொன்னது பாதிதான் உண்மை. அட்மாஸ் இரண்டு விதமாக வருகிறது. ஓடிடி தளங்கள் அனுப்புவது டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸுக்குள் பொதிந்த அட்மாஸ். அது அளவில் சிறியது. டிவியும் ரிசீவரும் அந்த வடிவத்தை ஏற்றுக்கொண்டால் பழைய ஏஆர்சியிலேயே போய்ச் சேரும். ப்ளூரே டிஸ்க்கில் இருப்பது ட்ரூஹெச்டி அட்மாஸ். அதற்குத்தான் ஏஆர்சி போதாது. 2017இல் ஹெச்டிஎம்ஐ 2.1 உடன் வந்த இஏஆர்சி நொடிக்கு 37 மெகாபிட் வரை கொண்டுபோகும் என்பதால் அதில் ட்ரூஹெச்டி தாராளமாகப் போகும். ஆனால் ப்ளூரே பிளேயர் வைத்திருப்பவர் அதை நேராக ரிசீவரில் செருகினால் இஏஆர்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓடிடி மட்டும் பார்க்கும் குடும்பம் இதற்காகப் புது டிவிக்குப் பணம் கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நீங்கள் எடுத்திருக்கும் திட்டத்தையும் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸில் அட்மாஸ் பிரீமியம் திட்டத்துக்கு மட்டும்தான். பழைய படங்கள் பலவற்றில் ஒலியே ஸ்டீரியோவாகத்தான் இருக்கும். அவற்றுக்கு ரிசீவரில் டால்பி சரவுண்ட் அல்லது நியூரல் எக்ஸ் போட்டால் பின் ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும்.

ஆப்டிகல் கேபிள் போதாதா?

5.1 (ஐந்து ஸ்பீக்கர், கனத்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர்) டால்பி டிஜிட்டலுக்குப் போதும். டிஜிட்டல் பிளஸ், அட்மாஸ் அதில் போகாது. ஏஆர்சி இல்லாத பழைய ரிசீவருக்கு அதுதான் வழி, நல்ல வழியும்கூட. டிவி டிஜிட்டல் பிளஸ்ஸை டால்பி டிஜிட்டலாக மாற்றி அனுப்பும்படி ஒலி மெனுவில் அமைத்துக்கொள்ளுங்கள்.

பென்டிரைவில் போட்ட படத்துக்கு டிவியில் ஒலியே வரவில்லை. படம் மட்டும் ஓடுகிறது. (சேலம் வாசகர்)

அந்தக் கோப்பின் ஒலி டிடிஎஸ்ஸாக இருக்கும். சாம்சங் 2018 முதல் தன் டிவிகளில் டிடிஎஸ்ஸை எடுத்துவிட்டது. எல்ஜி 2020 மாடல்களில் எடுத்து, 2023இல் சிலவற்றில் திரும்பக் கொண்டுவந்தது. டிவி புரிந்துகொள்ளாததை ரிசீவர் புரிந்துகொள்ளும். ஆகவே மீடியா பிளேயர் ஒன்றை நேராக ரிசீவரில் செருகி, அதிலிருந்து ஓட்டுங்கள்.

பிஎஸ்5ஐ டிவியில் செருகி, டிவியிலிருந்து ஏஆர்சி வழியாக ரிசீவருக்கு ஒலி கொடுக்கிறேன். விளையாட்டில் எதிரி பின்னால் வருவது தெரியவே இல்லை. (சென்னை வாசகர், கல்லூரி மாணவர்)

தம்பி, பிஎஸ்5இன் ஒலி அமைப்பில் லீனியர் பிசிஎம் இருக்கும். ஏஆர்சி அதில் இரண்டு சேனலை மட்டும் விட்டு மற்றதைத் தடுத்துவிடும். அங்கே பிட்ஸ்ட்ரீம் டால்பி என்று மாற்றுங்கள், 5.1 வந்துவிடும். இரண்டு சாதனங்களிலும் இஏஆர்சி இருந்தால் பிசிஎம்மிலேயே விடலாம், எல்லா சேனலும் போகும்.

பிஎஸ்5ஐ ரிசீவரில் நேராகச் செருகுவதும் நல்லதுதான். ஆனால் 120 ஹெர்ட்ஸ் 4கே விளையாட நினைத்தால் ரிசீவர் அதைக் கடத்துமா என்று பாருங்கள். 2020இல் வந்த முதல் ஹெச்டிஎம்ஐ 2.1 ரிசீவர்கள் சிலவற்றில், சில சாதனங்களைச் செருகினால், அந்த வேகத்தில் திரை கருப்பாகிவிடும் சிக்கல் இருந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் கேட்டு வாங்குங்கள்.

உதடு அசைவதற்கும் பேச்சுக்கும் ஒட்டவில்லை.

பேச்சு முந்தினால் ரிசீவரில் ஆடியோ டிலே என்ற இடத்தில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பேச்சு பிந்தினால் டிலேயால் பயனில்லை. டிவியின் ஒலித் தாமத அளவைப் பூஜ்ஜியமாக்கி, அவுட்புட்டை பாஸ்த்ரூவில் வையுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் அந்தச் சாதனத்தை டிவியிலிருந்து எடுத்து ரிசீவரில் செருகுங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்து வாங்கிய 5.1 ஆம்ப் இருக்கிறது. நல்ல பேஸ். டிவியின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து வொயர் கொடுத்திருக்கிறேன். இதில் உண்மையான 5.1 கேட்க முடியுமா? (விழுப்புரம் வாசகர்)

முடியும். தூக்கிப் போடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். ஹெட்போன் ஜாக்கில் வருவது ஸ்டீரியோ மட்டுமே. உள்ளே இருக்கும் சரவுண்ட் போர்டு அதையே பிரித்து ஐந்துக்கும் கொடுக்கிறது, அதனால்தான் பாட்டும் பேச்சும் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலக் கேட்கின்றன.

ஆம்ப்பின் பின்னால் ஆறு ஆர்சிஏ சாக்கெட் கொண்ட 5.1 இன்புட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஆப்டிகல் அல்லது ஏஆர்சி உள்ளே வாங்கி ஆறு ஆர்சிஏ வெளியே கொடுக்கும் டால்பி டீகோடர் ஒன்று வாங்கி நடுவில் வையுங்கள். டிவியின் அவுட்புட் பிட்ஸ்ட்ரீமில் இருக்கட்டும். ஒலித்துப் பார்த்து, சென்டர் (நடு ஸ்பீக்கர்) வொயரும் சப்வூஃபர் வொயரும் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் சோதியுங்கள். அடிக்கடி நடக்கும் குழப்பம் அது.

வசனம் கேட்பதில்லை. வால்யூமைக் கூட்டினால் சண்டைக்காட்சி வரும்போது அப்பா எழுந்து போய்விடுகிறார். ரிசீவர், 5.1 எல்லாம் நல்ல கம்பெனி. (மதுரை வாசகி)

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். வீட்டில் பெரியவர்கள் படம் பார்ப்பதை விட்டுவிட இதுவே காரணமாகிவிடுகிறது.

படத்தின் வசனம் பெரும்பாலும் சென்டர் ஸ்பீக்கர் ஒன்றிலிருந்துதான் வருகிறது. அதனால் முதலில் ரிசீவரின் ஸ்பீக்கர் அமைப்பைத் திறந்து பாருங்கள். சென்டர் இல்லாத வீட்டில் இருப்பதாகப் பதிவாகியிருந்தால், வசனம் இல்லாத ஸ்பீக்கருக்குப் போய்த் தொலைந்துவிடும். உங்களிடம் சென்டர் இருக்கிறது, சரி. அது எங்கே இருக்கிறது? டிவி ஷோகேஸின் தட்டுக்குள் உள்ளே தள்ளி, முன்னால் பொம்மைகளோடு என்றால், ஒலி தட்டிலேயே மோதிச் சிதறுகிறது. ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்புக்கு வரட்டும். கீழே இருந்தால் ரப்பர் துண்டு ஒன்றை முன்பக்கம் அடியில் வைத்து, உட்கார்ந்திருப்பவரின் காதைப் பார்க்கும்படி சாய்த்துவிடுங்கள்.

பிறகு ரிசீவரோடு வந்த மைக்கை வைத்து அளவெடுங்கள். சோபாவில் அப்பா உட்காரும் இடத்தில், காது உயரத்தில், ஸ்டாண்டில் மைக் இருக்க வேண்டும். கையில் பிடிக்கக்கூடாது. ஃபேனை அணைத்துவிடுங்கள். அளவு முடிந்ததும் சென்டரை மட்டும் 2 அல்லது 3 டெசிபெல் கூட்டுங்கள். எல்லா ஸ்பீக்கரையும் ஸ்மால் என்று வைத்து கிராஸ்ஓவரை (எதற்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் விடுங்கள். கனத்த ஒலிகளின் சுமை சப்வூஃபருக்குப் போய், சென்டர் வசனத்தைத் தெளிவாகக் கொடுக்கும்.

சண்டைக்காட்சிக்கு வேறு மருந்து. திரையரங்குக்காக அமைத்த ஒலியில் கிசுகிசுப்புக்கும் வெடிச்சத்தத்துக்கும் இடைவெளி பெரிது. நைட் மோட், டைனமிக் வால்யூம் என்று ரிசீவரில் இருப்பவை அந்த இடைவெளியைக் குறைக்கும். அப்பாவோடு பார்க்கும்போது தயங்காமல் போடுங்கள்.

இன்னொன்று, நம் ஹால்கள். தரையில் டைல்ஸ், சுவரெல்லாம் சிமென்ட் பூச்சு, மேலே கான்கிரீட். கை தட்டிப் பாருங்கள், கணீரென்று எதிரொலித்தால் வசனத்தின் மெய்யெழுத்துகள் அந்த எதிரொலியில்தான் மங்குகின்றன. டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே தடித்த ஜமுக்காளமும், ஜன்னலில் கனமான திரைச்சீலையும் போடுங்கள். ரிசீவரை மாற்றினாலும் இந்த வித்தியாசம் கிடைக்காது.

வீடு கட்டுகிறோம். பூச்சுக்கு முன் ஹோம் தியேட்டருக்கு என்னென்ன பைப் போட வேண்டும்? (தஞ்சாவூர் வாசகர்)

சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். எலக்ட்ரீஷியன் வழக்கமாகப் போடும் 25 மில்லி பைப்பில், வளைவு இருந்தால், ஹெச்டிஎம்ஐ பிளக் நுழையாது. அதன் அகலமே 2 சென்டிமீட்டர் சொச்சம். ரிசீவர் இடத்திலிருந்து டிவி வரை 40 அல்லது 50 மில்லி பைப், திருப்பங்களில் எல்போ இல்லாமல் நீண்ட பெண்டு. உள்ளே ஒரு நைலான் கயிறு எப்போதும் இருக்கட்டும், நாளைக்குப் புதுக் கேபிளை இழுக்க அதுதான் உதவும். ஹெச்டிஎம்ஐ கேபிளை மட்டும் சுவருக்குள் நிரந்தரமாகப் புதைக்காதீர்கள்.

ஸ்பீக்கருக்குத் தனி பைப். மின்சார வொயரோடு சேர்க்க வேண்டாம். 1.5 சதுர மில்லி இரண்டு கோர் முழுச் செம்பு வொயர் ஹாலுக்குப் போதும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது விலை குறைவாகக் கிடைக்கும், தவிர்த்துவிடுங்கள். பின் ஸ்பீக்கர்கள் சோபாவுக்கு நேர் பக்கவாட்டிலிருந்து சற்றே பின்னால், நேர் முன்பக்கத்திலிருந்து அளந்தால் 110 முதல் 120 டிகிரியில், உட்கார்ந்தவரின் காதுக்கு மேலே அமைவது நல்லது. சோபா எங்கே வரும் என்று முடிவு செய்யாமல் சுவரைக் குடையச் சொல்லாதீர்கள். சப்வூஃபருக்கு இரண்டு மூலைகளிலாவது பாயின்ட் கொடுத்து வைத்தால், குடிவந்த பிறகு எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே வைக்கலாம்.

டிவிக்கும் ரிசீவருக்கும் 5 மீட்டருக்கு மேல் தூரம் என்றால் ஃபைபர் வகை ஹெச்டிஎம்ஐ கேபிள் தேவைப்படும். அதற்குத் திசை உண்டு, டிவி முனை எது என்று குறித்திருக்கும். இஏஆர்சி கடத்துமா என்று பார்த்து வாங்குங்கள்.

கேபிள் டிவி பாக்ஸை ரிசீவரில் செருகிய நாளிலிருந்து ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்ற இரைச்சல். மெக்கானிக் ரிசீவர் பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிடச் சொல்கிறார். (ஈரோடு வாசகர்)

எடுக்கவே எடுக்காதீர்கள். உள்ளே மின்கசிவு வந்தால் ரிசீவரின் உலோக உடம்பைத் தொடுபவர் உயிருக்கு அந்தப் பின்தான் காவல்.

தெருவிலிருந்து வரும் கேபிளுக்கு ஓர் எர்த், உங்கள் வீட்டுக்கு ஓர் எர்த், இரண்டுக்கும் இடையே ஓடும் சிறு மின்னோட்டம்தான் இந்த இரைச்சல். பாக்ஸின் பின்னால் இருக்கும் கேபிளை மட்டும் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் உறுதி. அங்கே ஒரு கோஆக்ஸ் ஐசோலேட்டர் (இரண்டு எர்த்துக்கும் இடையிலான தொடர்பைத் துண்டிக்கும் சிறு கருவி) போட்டால் தீர்ந்துவிடும். டிஷ் உள்ள வீட்டில் அதைப் போட முடியாது, மாடி டிஷ்ஷில் சிக்னலை வாங்கும் எல்என்பி என்ற கருவிக்கு மின்சாரமே அந்தக் கேபிளில்தான் போகிறது. அங்கே டிவி, பாக்ஸ், ரிசீவர் மூன்றையும் ஒரே சுவிட்ச் போர்டிலிருந்து கொடுத்து, வீட்டு எர்த்தை எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைச்சல் என்றால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். சைன் வேவுக்கு மாறும்வரை அந்த நேரத்தில் ரிசீவரை அணைத்து வைப்பது நல்லது. எர்த் பின் ஏற்கனவே வெட்டிய பிளக் வீட்டில் ஏதாவது இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.