மலைக்குளிரில் ஜெல் நெயில் பாலிஷ்: வாசகியர் கேள்வி-பதில்

குன்னூர் வாசகி: 'ஜெல்' என்று எழுதிய நெயில் பாலிஷ் ஒன்று வாங்கிப் போட்டேன். இரவு முழுக்க விட்டும் காயவில்லை. காலையில் கம்பளி இழையெல்லாம் நகத்தில் ஒட்டியிருந்தது. போலிச் சரக்கா?

பதில்: போலியாக இருக்கும் என்று தோன்றவில்லை. 'ஜெல்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு பொருள்கள் விற்பனைக்கு வருகின்றன. ஒன்று, யுவி அல்லது எல்இடி விளக்கில் காட்டினால் மட்டுமே இறுகுகிற அசல் ஜெல். அந்த ஒளி பட்டால்தான் அதிலுள்ள மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகும். அறையில் சும்மா விட்டால் பிசுபிசுவென்றே கிடக்கும். இன்னொன்று, விளக்கு வேண்டாத 'ஜெல் எஃபெக்ட்' வகை. இது சாதாரண பாலிஷ் போலக் காற்றில் காய்வது. 2014-இல் வந்த சாலி ஹேன்சன் நிறுவனத்தின் 'மிராக்கிள் ஜெல்' இந்த இரண்டாம் வகை. நிறத்துக்கு ஒரு பாட்டில், மேல்பூச்சான டாப் கோட்டுக்கு ஒரு பாட்டில், அவ்வளவுதான்.

லேபிளில் 'யுவி', 'எல்இடி', 'க்யூர்', 'சோக் ஆஃப்' என்று இருந்தால் விளக்கு வகை. 'நோ லைட்', 'நோ லாம்ப்' என்றால் காற்றில் காய்வது. நீங்கள் வாங்கியது முதல் வகையாகத்தான் இருக்க வேண்டும். அதை விரலால் தேய்க்காதீர்கள். காய்ந்த டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்துவிட்டு, அசிட்டோன் ரிமூவர் நனைத்த பஞ்சால் துடைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இறுகாத ஜெல் தோலில் படுவது நல்லதல்ல. காரணம் கீழே கூடலூர் வாசகிக்கான பதிலில் இருக்கிறது. வீட்டில் முதல்முறை போடுகிறவர்கள் விளக்கு இல்லாத வகையில் தொடங்குவதே நல்லது.

உதகை வாசகி: விளக்கு இல்லாத வகைதான் போடுகிறேன். ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும் என்கிறார்கள். எனக்கு மூன்றாம் நாளே நுனியில் பெயர்ந்து வருகிறதே?

பதில்: நுனியில் பெயர்வதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: ஈர நகம், தடித்த பூச்சு. நகம் தண்ணீரை உறிஞ்சிச் சற்று உப்பும். காய்ந்ததும் பழைய அளவுக்குச் சுருங்கும். மேலே இருக்கும் பாலிஷ் அதோடு சேர்ந்து சுருங்காது, பிடி விட்டுவிடும். ஆகவே, குளித்து முடித்ததும், பாத்திரம் கழுவியதும் போடாதீர்கள். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கையை வெந்நீரில் ஊறவைத்துவிட்டுப் போடும் வழக்கமும் இதற்கு ஆகாது.

நகத்தை வடிவாக அராவிக்கொள்ளுங்கள். நகத்தின் மேல் ஏறி நிற்கும் அடித்தோலை மெதுவாகப் பின்னால் தள்ளுங்கள், வெட்ட வேண்டாம். சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு நகத்தையும் துடைத்த பிறகு விரல் நுனியால் தொடாதீர்கள், எண்ணெய்ப் பசை திரும்ப ஏறிவிடும். அடிப்பூச்சான பேஸ் கோட் வேண்டுமா என்பதை லேபிளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இந்த வகையில் சிலவற்றுக்கு அது தேவையே இல்லை.

உதகைக் குளிரில் பாலிஷ் கெட்டிப்பட்டிருக்கும். அப்படியே போட்டால் தடிப்பாகத்தான் விழும். மூடியை இறுக்கி, பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் நிறுத்துங்கள். பிறகு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். குலுக்கினால் காற்றுக் குமிழி புகுந்து, அது நகத்தின் மேல் புள்ளி புள்ளியாகத் தெரியும். தூரிகையின் ஒரு பக்கத்தைப் பாட்டில் வாயில் வழித்துவிட்டு, நடுவில் ஒரு இழுப்பு, இருபுறமும் ஒவ்வொரு இழுப்பு. தோலில் படாமல் மயிரிழை இடைவெளி விடுங்கள். முதல் கோட் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் கவலை வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும். நகத்தின் விளிம்பிலும், அதாவது நுனியின் வெட்டுமுகத்திலும், தூரிகையை ஒருமுறை ஓட்டுங்கள். பலர் விட்டுவிடுகிற வேலை இது. தண்ணீர் உள்ளே நுழைவதே அந்த வழியாகத்தான்.

சமவெளியில் இரண்டு கோட்டுக்கு நடுவே ஐந்து நிமிடம் போதும் என்றால், மலையில் பத்து நிமிடம் விடுங்கள். இரண்டாவது நிறக் கோட், அதன்மேல் டாப் கோட். பகலில் போடுவது நல்லது. இந்த வகை டாப் கோட்டுகள் சிலவற்றில் பகல் வெளிச்சத்தில் வினைபுரியும் பொருள் சேர்த்திருப்பார்கள். தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் அடிவரை இறுக ஒருநாள் ஆகலாம். ராத்திரி போட்டுவிட்டுக் கம்பளிக்குள் கையை நுழைத்தால் அதன் நெசவு அப்படியே நகத்தில் அச்சாகிவிடும். ஸ்வெட்டரையும் முன்னாலேயே மாட்டிக்கொள்ளுங்கள். அன்றைக்கு மட்டும் வெந்நீர்ப் பாத்திர வேலையை வேறு யாராவது பார்க்கட்டும்.

கொடைக்கானல் வாசகி: மழை நாளில் போட்டால் மேலே வெள்ளையாகப் புகை படிந்தது மாதிரி ஆகிவிடுகிறது. ஏன்?

பதில்: பாலிஷில் உள்ள எத்தில் அசிட்டேட், பியூட்டில் அசிட்டேட் போன்ற கரைப்பான்கள் ஆவியாகும்போது அந்தப் படலம் குளிர்கிறது. அக்டோபர், நவம்பர் மஞ்சுமூட்டத்தில் காற்றில் ஈரம் ஏற்கெனவே நிறைந்திருப்பதால், குளிர்ந்த படலத்தின் மேல் நீர்த்துளி படிந்து வெளுத்துப்போகிறது. ஜன்னலைச் சாத்திய, ஈரத்துணி உலர்த்தாத அறையில் உட்கார்ந்து மெல்லிய பூச்சாகப் போட்டால் வராது. ஹேர் டிரையரின் சூட்டில் காட்டாதீர்கள், மேல்பக்கம் மட்டும் தோல் கட்டிக்கொள்ளும். குளிர்காய ஹீட்டரோ கரி அடுப்போ இருக்கும் அறையில் பாலிஷ், ரிமூவர் எதையும் திறக்கவே கூடாது. இரண்டின் ஆவியும் சட்டென்று தீப்பிடிக்கும்.

கோத்தகிரி வாசகி: வீட்டில் நீலகிரித் தைலம் நிறைய இருக்கிறது. ஸ்பிரிட்டுக்குப் பதில் அதால் நகத்தைத் துடைக்கலாமா?

பதில்: வேண்டாம். தைலம் பிசுக்கைக் கரைக்கும், ஆனால் மெதுவாகத்தான் ஆவியாகும். மிஞ்சும் பசையின் மேல் பாலிஷ் பிடிக்காது.

கூடலூர் வாசகி: விளக்கு வாங்கி ஜெல் போட்டதிலிருந்து நகத்தைச் சுற்றி அரிப்பு, சின்னச் சின்னக் கொப்புளம். ஆறியதும் திரும்பப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். இது ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு அதிகம். தோல் மருத்துவரைப் பாருங்கள். இத்தகைய ஜெல்களில் 'ஹெமா' (HEMA) என்ற மெத்தாக்ரிலேட் வகை வேதிப்பொருள் இருப்பதுண்டு. ஜெல் அரைகுறையாக இறுகினாலோ, தோலில் வழிந்தாலோ அது தோலுக்குள் இறங்குகிறது. ஒருமுறை ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும். பிற்பாடு பல் அடைப்பில் இதே குடும்பத்துப் பொருள்கள் சேரும்போதும் தொல்லை வரலாம். பல் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹெமா உள்ள நகப்பூச்சு தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டுமே என்று பாட்டிலில் அச்சிட்டாக வேண்டும். அதே ஒன்றியம் டிபிஓ (TPO) என்ற, ஒளி பட்டதும் ஜெல்லை இறுகத் தூண்டும் பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப்பொருள்களில் தடை செய்துவிட்டது. இரண்டும் இல்லாததா என்று லேபிளைப் பார்த்து வாங்குவது நல்லது.

ஒவ்வாமை இல்லாமல் விளக்கு வகையைப் போடுகிறவர்கள், ஜெல்லையும் விளக்கையும் ஒரே நிறுவனத்தில் வாங்குங்கள். கட்டைவிரல் சாய்ந்து நிற்பதால் அதன்மேல் ஒளி சரியாக விழாது. அதைத் தனியாகக் காட்டுங்கள். அடர்நிறங்கள் ஒளியை மறைக்கும், இன்னும் மெல்லியதாகப் பூசுங்கள். நடுவில் கரண்ட் போனால், வந்ததும் முழு நேரமும் திரும்பக் காட்டுங்கள்.

உதகை மாணவி: எப்படி எடுப்பது? உரித்தால் நகமும் சேர்ந்து உரிகிறது.

பதில்: உரிக்கவே கூடாது, நகத்தின் மேலடுக்கும் கூடவே வந்துவிடும். விளக்கில்லாத வகைக்குச் சாதாரண ரிமூவர் போதும். நனைத்த பஞ்சை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, நுனியை நோக்கி இழுங்கள். விளக்கு வகைக்கு அசிட்டோன் கட்டாயம். மேல் பளபளப்பை அரத்தால் லேசாக அராவி, நனைத்த பஞ்சை வைத்து, அலுமினிய ஃபாயிலால் சுற்றி 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். குளிரில் இன்னும் கொஞ்சம் கூடும். கைமேல் துண்டு போர்த்திக்கொள்ளலாம், அசிட்டோனைச் சூடாக்க மட்டும் வேண்டாம். வழன்று வராத இடத்தைச் சுரண்டாமல் இன்னும் ஐந்து நிமிடம் சுற்றி வையுங்கள். பிறகு, உறைந்திருக்கும் தேங்காய் எண்ணெயில் ஒரு துளி கிள்ளி, விரலில் உருக்கி, நகத்திலும் சுற்றியுள்ள தோலிலும் தேயுங்கள்.