எமுலேட்டருக்குக் காசு கொடுக்கணுமா? ரிச்சி ஸ்ட்ரீட் கிளம்பும் முன் சில கேள்வி-பதில்கள்

பழைய கையடக்க கேம்களை இப்போதைய போனிலோ சின்னக் கருவியிலோ எமுலேட்டரில் (பழைய கருவி போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) விளையாடுவது பற்றி நிறைய கேள்விகள் சேர்ந்துவிட்டன. இந்த முறை முழுக்க அதுதான்.

கேள்வி (பெரம்பூர்): என்னிடம் இருப்பது நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன். நின்டென்டோவின் கேம் பாய் அட்வான்ஸ், சோனியின் பிஎஸ்பி இரண்டின் கேம்களையும் அதில் விளையாட ஆசை. ப்ளே ஸ்டோரில் தேடினால் எமுலேட்டர்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் நாலுக்கு மேல் ஸ்டார். எதை எடுப்பது? காசு கொடுத்து வாங்கினால் இன்னும் நன்றாக ஓடுமா?

பதில்: பிஎஸ்பியை முதலில் முடித்துவிடலாம், அதில் யோசிக்கவே வேண்டாம். பிபிஎஸ்எஸ்பிபி எடுங்கள். ஹென்ரிக் ரிட்கார்ட் என்பவர் 2012-ல் வெளியிட்டது, மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, இன்றுவரை அப்டேட் வருகிறது. ப்ளே ஸ்டோரில் இதற்கு இலவசப் பதிப்பு ஒன்று, கோல்டு என்று காசுக்கு ஒன்று. இரண்டிலும் இருக்கும் வசதி ஒன்றேதான். கோல்டு வாங்கினால் உருவாக்கியவருக்குக் கொஞ்சம் பணம் போகும், அவ்வளவுதான், கேம் வேகமாக ஓடாது. பிடித்திருந்தால் அப்புறமாக வாங்குங்கள், நல்ல செலவுதான். ஆனால் வேறு பெயரில் 'பிஎஸ்பி எமுலேட்டர் ப்ரோ' என்கிற மாதிரி வருகிறவற்றைத் தொடாதீர்கள், அவற்றில் பல இதே நிரலை எடுத்து விளம்பரத்தைத் திணித்தவை.

போட்டதும் ஒரு விஷயம் செய்யுங்கள். பிஎஸ்பியின் திரை 480 x 272 புள்ளிகள்தான். செட்டிங்ஸில் ரெண்டரிங் ரெசல்யூஷன் என்று இருப்பதை 2 மடங்கில் வைத்து ஆரம்பியுங்கள். கேம் திணறினால் 1 மடங்குக்கு இறக்குங்கள், அப்போதும் திணறினால் படம் வரையும் முறைகளான வல்கன், ஓப்பன்ஜிஎல் இரண்டையும் மாற்றிப் பாருங்கள், ஒரே போனில் ஒரு கேம் ஒன்றில் நன்றாக ஓடி இன்னொரு கேம் மற்றதில் நன்றாக ஓடும். சில காட்சிகளை விட்டுவிட்டு ஓட்டும் ஃப்ரேம் ஸ்கிப் கடைசி வழி.

கேம் பாய் அட்வான்ஸ் கதை வேறு. 2001-ல் வந்த அந்தக் கருவியின் சிப் 16.78 மெகாஹெர்ட்ஸ், இன்றைக்கு இருக்கிற எந்த மலிவுப் போனும் அதைச் சுலபமாகத் தாங்கும். அதனால் 'வேகமான எமுலேட்டர்' என்ற விளம்பரத்துக்கு இங்கே மதிப்பே இல்லை. பார்க்க வேண்டியது இரண்டு: அசல் கருவி நடந்துகொண்ட மாதிரியே நடக்கிறதா, உங்கள் சேவ் (எதுவரை விளையாடினீர்கள் என்ற பதிவு) பத்திரமாக இருக்கிறதா.

பல வருஷமாக எல்லோரும் வைத்திருந்தது விஷுவல்பாய் அட்வான்ஸ் என்ற எமுலேட்டர். அதன் பழைய பதிப்பில் போகிமான் ஃபயர்ரெட் போட்டவர்களுக்கு '1எம் சப்-சர்க்யூட் போர்டு இல்லை' என்ற செய்தி நினைவிருக்கும். அந்த கேம் 128 கிலோபைட் ஃப்ளாஷ் சேவ் கேட்கும், எமுலேட்டர் 64 என்று நினைத்துக்கொள்ளும், சேவ் ஆகாது. நாமே போய் செட்டிங்கை மாற்ற வேண்டும். எம்ஜிபிஏ என்ற இன்னொரு எமுலேட்டர் வந்த பிறகு இந்தத் தொல்லை போய்விட்டது, கேம் எந்த வகை சேவ் கேட்கிறது என்று அதுவே கண்டுபிடித்துக்கொள்கிறது, ரூபி, சஃபையர், எமரால்டு மூன்றுக்கும் வேண்டிய கடிகாரமும் அதில் வேலை செய்கிறது. மூன்றாவது ஜிபிஎஸ்பி, முதலில் பிஎஸ்பி கருவிக்காகவே எழுதப்பட்டது, பலவீனமான சிப்பிலும் ஓடும், துல்லியத்தில் எம்ஜிபிஏவுக்குக் கீழேதான். உங்கள் போனுக்கு அது தேவையில்லை.

ஒரு சிக்கல் என்னவென்றால் எம்ஜிபிஏ குழுவின் சொந்த வெளியீடு கம்ப்யூட்டர்களுக்கும் சில கேம் கருவிகளுக்கும்தான். ஆண்ட்ராய்டில் பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் ஆப்களான ரெட்ரோஆர்ச் அல்லது லெமுராய்டு வழியாகத்தான் அதைப் பெற வேண்டும். இரண்டும் இலவசம், விளம்பரம் இல்லை. ரெட்ரோஆர்ச்சில் எல்லாவற்றையும் திருகலாம், ஆனால் அதன் மெனு புதிதாக வருகிறவரை ஓட ஓட விரட்டும். லெமுராய்டில் கேம்கள் இருக்கும் ஃபோல்டரைக் காட்டினால் போதும். நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால் லெமுராய்டுதான் உங்களுக்கு. காசு கொடுக்கும் மை பாய் மாதிரியானவற்றுக்கு ஒரே நியாயமான காரணம், இரண்டு போன்களை ப்ளூடூத்தில் இணைத்து லிங்க் கேபிள் போல நண்பரோடு விளையாடும் வசதி. அது வேண்டாம் என்றால் காசு வேண்டாம். எதைப் போட்டாலும் காண்டாக்ட்ஸ், லொகேஷன் அனுமதி கேட்கும் எமுலேட்டரை அந்த நிமிஷமே நீக்கிவிடுங்கள், கேம் ஓட்ட அதெல்லாம் எதற்கு?

கேள்வி (அம்பத்தூர்): பையன் பத்தாவது முடித்திருக்கிறான். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் '10,000 கேம்ஸ்' கருவி 6,500 ரூபாய் என்கிறார்கள். அடுத்த கடையில் '400 இன் 1' என்று சில நூறு ரூபாய்க்கே ஒன்று தொங்குகிறது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கின்றன. எமுலேட்டர் உள்ளேயே இருக்கிறதாம். எது வாங்கலாம்?

பதில்: இரண்டும் வேறு வேறு ஜாதி, அம்மா. அந்த 400 இன் 1, எண்பதுகளின் டிவி வீடியோ கேமை ஒரு சிப்பில் நகலெடுத்தது. அதில் எமுலேட்டரை மாற்றவோ புது கேம் சேர்க்கவோ வழி இல்லை, மெமரி கார்டு போடும் இடமே பெரும்பாலும் கிடையாது. 400 என்பதிலும் ஒரே கேம் பெயர் மாறிப் பல தடவை வரும். சின்னக் குழந்தைக்கு நேரம் போக்க என்றால் சரி, பத்தாவது முடித்த பையன் ஒரு வாரத்தில் மூலையில் போட்டுவிடுவான்.

6,500 ரூபாய் கருவி லினக்ஸில் ஓடும் குட்டிக் கம்ப்யூட்டர். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது எத்தனை கேம் என்பதை அல்ல, மாடல் பெயரை. மியூ மினி பிளஸ், ஆன்பெர்னிக் ஆர்ஜி 35 எக்ஸ்எக்ஸ் மாதிரி தெளிவான பெயர் வந்தால் அதை வைத்து நீங்களே வீட்டில் விசாரிக்கலாம். பெயரே சொல்லாமல் 'புது மாடல், எல்லாம் ஓடும்' என்றால் வந்துவிடுங்கள்.

எல்லாம் ஓடாது என்பதுதான் விஷயம். மியூ மினி பிளஸ்ஸில் கேம் பாய் அட்வான்ஸும் முதல் பிளேஸ்டேஷனும் அருமையாக ஓடும், பிஎஸ்பியை அதில் எதிர்பார்க்கக் கூடாது. ஆன்பெர்னிக்கின் எச் 700 சிப் உள்ள மாடல்களில் லேசான பிஎஸ்பி கேம்கள் ஓடும், கனமானவை திணறும். கடையில் பிஎஸ்பி ஓடும் என்று சொன்னால் காட் ஆஃப் வார் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிஎஸ்பி கேம்களிலேயே கனமான ஒன்று அது. சத்தம் விட்டு விட்டு வந்தாலே தெரிந்துவிடும், திரையை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை.

திரையைப் பற்றி ஒன்று, இதை எந்தக் கடையிலும் சொல்லமாட்டார்கள். கேம் பாய் அட்வான்ஸ் திரை 240 x 160, அதாவது 3:2 வடிவம். நான் சொன்ன இரண்டு கருவிகளின் திரையும் 640 x 480, அது 4:3. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும், அகலத்தை நிரப்ப 2.67 மடங்கு பெரிதாக்க வேண்டியிருப்பதால் புள்ளிகள் ஒரே அளவில் வராது, காட்சி நகரும்போது ஒரு அலைச்சல் தெரியும். பையனுக்கு கேம் பாய் அட்வான்ஸ்தான் முக்கியம் என்றால் 720 x 480 திரை உள்ள ஆர்ஜி 34 எக்ஸ்எக்ஸ் சரியாக 3 மடங்கு, கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும். கூடுதலாகக் கொடுக்கிற காசுக்கு இது மதிப்புள்ள காரணம், '20,000 கேம்ஸ்' மதிப்பே இல்லாத காரணம்.

வாங்கியதும் உள்ளே இருக்கும் மெமரி கார்டை நம்ப வேண்டாம். பெயரில்லாத கார்டு, சீக்கிரம் கெட்டுப்போகிற பொருள் அதுதான். நல்ல கம்பெனி கார்டு ஒன்று தனியாக வாங்கி, எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளில் முழுக்கச் சோதித்துவிட்டு (பர்மா பஜார் பக்கம் வாங்கினால் இதைச் செய்யாமல் விடவே கூடாது, 64 ஜிபி என்று காட்டி உள்ளே 8 ஜிபி இருக்கும் கார்டுகள் உண்டு) அதில் எல்லாவற்றையும் மாற்றுங்கள். மியூவுக்கு ஆனியன் என்ற இலவச இயங்குதளம் இருக்கிறது, ஒவ்வொரு கேமுக்கும் ஜிபிஎஸ்பியா எம்ஜிபிஏவா என்று மாற்றிக்கொள்ளலாம். பையனுக்கு அதை ஏற்றுவதே ஒரு நல்ல பாடமாக இருக்கும்.

கேள்வி (தாம்பரம்): போன் மாற்றினேன். எமுலேட்டரை மறுபடி போட்டால் ஆறு மாத விளையாட்டு காணோம். சேவ் ஸ்டேட் ஃபைலை காப்பி செய்துதான் வைத்திருந்தேன், புது எமுலேட்டர் அதை ஏற்கவில்லை. ஏன்?

பதில்: ரொம்ப வருத்தமான விஷயம், ஆனால் இன்னும் கதை முடியவில்லை, பழைய போன் கையில் இருந்தால் மீட்கலாம்.

சேவ் ஸ்டேட் என்பது அந்த நொடியில் எமுலேட்டரின் நினைவகம் எப்படி இருந்ததோ அதை அப்படியே எடுத்து வைப்பது. அது அந்த எமுலேட்டருக்கு மட்டும்தான் புரியும், சில சமயம் அதே எமுலேட்டரின் அடுத்த பதிப்புக்கே புரியாது. கேமுக்குள் போய் நாம் சேவ் செய்வது வேறு, அது கார்ட்ரிட்ஜில் எழுதப்படுவது போலத் தனி ஃபைலில் போகும். கேம் பாய் அட்வான்ஸில் அந்த ஃபைல் பொதுவாக எஸ்ஏவி என்று முடியும், ரெட்ரோஆர்ச்சில் எஸ்ஆர்எம் என்று முடியும், பெயரின் கடைசிப் பகுதியை மாற்றினாலே பெரும்பாலும் ஒன்று இன்னொன்றில் ஓடிவிடும். பழைய போனில் பழைய எமுலேட்டரைத் திறந்து, ஸ்டேட்டை ஏற்றி, கேமுக்குள் போய் முறையாக ஒருமுறை சேவ் செய்துவிட்டு, அந்த ஃபைலை எடுத்து வாருங்கள்.

பிபிஎஸ்எஸ்பிபியில் பிஎஸ்பி என்ற ஃபோல்டருக்குள் சேவ்டேட்டா என்று இருக்கும், அசல் பிஎஸ்பியின் மெமரி ஸ்டிக்கில் இருக்கும் அதே அமைப்பு. ஆண்ட்ராய்டில் முதல்முறை திறக்கும்போது ஃபோல்டர் எங்கே வைக்கலாம் என்று கேட்கும். ஆப்பின் சொந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆப்பை நீக்கும்போது சேவும் சேர்ந்து போய்விடும். வெளியே நீங்களாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதைக் காட்டுங்கள். எமுலேட்டர்களை ஒப்பிடும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான், சேவ் ஃபைலை நாம் கையில் எடுக்க விடுகிறதா என்று. விடாத எமுலேட்டர் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

கேள்வி (அண்ணா நகர்): ஐபோனில் முடியுமா?

பதில்: முடியும். 2024 ஏப்ரலில் ஆப்பிள் எமுலேட்டர்களை அனுமதிக்கும்படி விதியை மாற்றியது. நின்டென்டோ கருவிகளுக்கு டெல்டா, பிஎஸ்பிக்கு அதே பிபிஎஸ்எஸ்பிபி. ஆப் ஸ்டோரில் இலவசம். டெல்டாவில் கூகுள் டிரைவ் சிங்க்கைப் போட்டுவிடுங்கள்.

கேள்வி (வேளச்சேரி): நின்டென்டோ டிஎஸ்ஸுக்கு எந்த எமுலேட்டர், டிராஸ்டிக்கா, மெலன்டிஎஸ்ஸா? இதற்காக ஒரு கருவி வாங்கலாமா?

பதில்: பலவீனமான சிப்பில் டிராஸ்டிக்தான் ராஜா, அதில் சந்தேகமில்லை. பல வருஷம் காசுக்கு விற்றார்கள், 2024-ல் இலவசமாக்கினார்கள், அதனால் இப்போது யாராவது அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். போன் கொஞ்சம் தெம்பானது என்றால் மெலன்டிஎஸ் போடுங்கள், திறந்த நிரல், துல்லியம் அதிகம். கருவி? டிஎஸ்ஸில் திரை இரண்டு, ஒவ்வொன்றும் 256 x 192. மூன்றரை அங்குலத் திரையில் இரண்டையும் அடுக்கினால் எழுத்தே படிக்க முடியாது, கீழ்த் திரையைத் தொட வேண்டிய கேம்களில் தொடுதிரை இல்லாத கருவி இம்சை. போனை நிமிர்த்திப் பிடித்தால் இரண்டு திரையும் மேலும் கீழுமாக அழகாக உட்காரும். டிஎஸ்ஸுக்கு உங்கள் போனே போதும்.

கேள்வி (சைதாப்பேட்டை): இதெல்லாம் சட்டப்படி சரியா? இன்னொன்று, நான் வாங்கிய கருவியில் நாலாம் நாளே டி-பேடின் (நாலு திசைப் பட்டன்) வலது பக்கம் வேலை செய்யவில்லை. 'சேல்ஸ் ஆனால் ரிட்டர்ன் இல்லை' என்று கடையில் கைவிரிக்கிறார்கள்.

பதில்: எமுலேட்டர் மென்பொருள் எழுதுவதும் வைத்திருப்பதும் தப்பு இல்லை, அமெரிக்காவில் சோனிக்கும் பிளேஸ்டேஷன் எமுலேட்டர் விற்ற கனெக்டிக்ஸுக்கும் நடந்த வழக்கில் 2000-லேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் நின்றது. 2024-ல் யூசூ எமுலேட்டர் 24 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டு மூடியது, ஆனால் அது இன்னும் விற்பனையில் இருந்த ஸ்விட்ச் கருவியின் பூட்டை உடைக்கும் விவகாரம். கேம் ஃபைல்தான் சிக்கலான இடம். நம் 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கணினி நிரலை முறையாக வைத்திருப்பவர் தன் பாதுகாப்புக்குப் பிரதி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. கடைக்காரர் நிரப்பிக் கொடுக்கும் 10,000 கேம் அந்தக் கணக்கில் வராது. அதற்கென்று உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்க அவருக்கு உரிமை இல்லை.

இப்போது டி-பேடு. 'ரிட்டர்ன் இல்லை' என்று போர்டு மாட்டினால் சட்டம் மாறிவிடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவைக் கேளுங்கள்: குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் கொடுக்காததும் அதே பிரிவில்தான் வருகிறது. நீங்கள் நாலாம் நாளில் இருக்கிறீர்கள், இன்றைக்கே வாட்ஸ்அப்பில் குறையை எழுதி, பட்டன் வேலை செய்யாத வீடியோவோடு கடைக்கு அனுப்புங்கள், அந்தத் தேதிதான் உங்கள் ஆதாரம். பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். அதிலும் நடக்கவில்லை என்றால் இ-ஜாக்ரிதி தளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு நீங்களே மனு போடலாம், வக்கீல் வேண்டாம், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, நீங்கள் குடியிருக்கும் இடத்து ஆணையத்திலேயே போடலாம், கெடு இரண்டு வருஷம். கடையில் பில் தரவில்லை என்பதை என்னிடம் சொல்லாமல் விட்டுவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. அப்படியானால் யுபிஐ ரசீதையும், கருவி, பெட்டி, அதன் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண் மூன்றும் ஒன்றாகத் தெரியும் போட்டோவையும் சேர்த்து வையுங்கள். இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் பெட்டியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதையும் மனுவில் எழுதுங்கள்.